கத்தாத பம்பு

சர்ஜரி வார்டின் தலைமை நர்ஸுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் சைலன்ஸ் சிஸ்டர். சத்தம் என்றாலே அவளுக்கு ஆகாது. ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டால் எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பாள். பெரிய டாக்டர் தும்மினால்கூட முறைத்துவிட்டுத்தான் நகர்வாள். இப்பேர்ப்பட்டவள் வாழ்க்கைப்பட்டது வாய் ஓயாத ஒரு குடும்பத்தில். அதிலும் கணவனின் அக்கா இருக்கிறாளே, அவள் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய் அடங்கிவிடும்.

வார்டில் சொட்டு மருந்தை அளந்து ஏற்றும் பம்புகள் நிறைய உண்டு. எந்த மருந்து எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற பட்டியல் ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும், தாண்டினால் கத்தும். பார்மசிஸ்ட் அவ்வப்போது பட்டியலைத் திருத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் அனுப்புவார். "எல்லா பம்புக்கும் போயாச்சு" என்று கூட்டத்தில் மார்தட்டுவார். போவதென்னவோ போகும். பம்பை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் புதுப் பட்டியல் வேலைக்கு வரும் என்பதை அவர் வாயால் சொன்னதில்லை. மின்னஞ்சலில் எழுதியிருந்தாராம். அதை யார் படித்தார்கள்!

சைலன்ஸ் சிஸ்டர் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தாள். அணைத்துப் போட்ட பம்புகளெல்லாம் தொட்டதற்கெல்லாம் கத்தின.

"அணைச்சு எழுப்பினா இதுங்களுக்குக் குணம் கெட்டுப்போகுது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். தனக்குப் பிடித்த ஒரு பம்பை மட்டும் அணைக்கவே விடாமல், துணி அடுக்கும் அறையில் சார்ஜில் மாட்டி ஒளித்துவைத்தாள். அது சமத்து. எந்த எண்ணைத் தட்டினாலும் வாயைத் திறக்காது.

அந்த நாத்தனார் குடல் ஆபரேஷனுக்கு அதே வார்டில் வந்து படுத்தாள். தலையணை கல்லாம், ஃபேன் ஆமையாம், பக்கத்துக் கட்டில்காரி மூச்சு விடுவதே சரியில்லையாம். ஆபரேஷன் முடிந்ததும் பொட்டாசியம் ஏற்றச் சொன்னார் டாக்டர். என்ன இருந்தாலும் சொந்தமாயிற்றே என்று சிஸ்டர் தன் செல்லத்தையே உருட்டிக்கொண்டு வந்தாள்.

"சத்தமே வராது அண்ணி, நிம்மதியா தூங்குங்க. இதை நான் யாருக்கும் தர்றதில்ல."

"எனக்குன்னா மட்டும் பழசா பாத்து எடுத்துட்டு வா."

சிஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த வேகத்தில் விரல் பத்துக்குப் பதில் நூறு தட்டியது. பம்பு சமத்தாக ஏற்றுக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "ஏம்மா, கை எரியுது."

"ஊசி குத்தினா எரியத்தான் செய்யும் அண்ணி."

"நெருப்பு வெச்ச மாதிரி எரியுதுன்னு சொல்றேன், காதுல விழலையா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த வாயை அடைப்பதற்காகத்தான் சிஸ்டர் போனாள். போனவள் எண்ணைப் பார்த்தாள். நூறு. பொட்டாசியம் அந்த வேகத்தில் போனால் இதயம் நின்றுவிடும். பம்பை நிறுத்திவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக வார்டே அதிர, "டாக்டர்!" என்று கத்தினாள்.

ஈ.சி.ஜி. காகிதம் வெளியே வரும்வரை அவளுக்கு உயிர் உயிராக இல்லை. "தப்பிச்சாங்க" என்றார் டாக்டர்.

"நூறு தட்டினது நான்தான்" என்றாள் அவள், கேட்பதற்கு முன்பே.

பார்மசிஸ்ட் ஓடிவந்தார். "பழைய பட்டியல்ல பொட்டாசியத்துக்கு எல்லையே இல்லன்னு, புதுசுல போட்டு நான் அப்பவே அனுப்பிட்டேனே! இதை யாரும் அணைச்சுப் போடலையா?"

குழாயைக் கழற்றிவிட்டு சிஸ்டரே அணைத்துப் போட்டாள். புதுப் பட்டியல் தயார் என்றது திரை. மறுபடி நூறு தட்டினாள். செல்லம் தொண்டை கிழியக் கத்தியது. அதை நிறுத்தாமல் கேட்டபடி நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அந்தச் சனியனை யாராவது நிறுத்துங்களேன்!" என்றாள் நாத்தனார்.

"கத்தட்டும் அண்ணி. என் தப்பால இன்னைக்கு உங்க உயிரே போயிருக்கும். உங்க வாய்தான் காப்பாத்துச்சு. நீங்களும் நல்லா கத்துங்க."