முனியாண்டி கல்லும் துரையின் நாயும்

பிள்ளைகளே, பள்ளி விடுமுறையில் ஏரிக்கரை விடுதிக்குப் போய்விட்டு வரும்போது அப்பா ஏன் வழியெல்லாம் பேசவில்லை என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். வாயால் சொன்னால் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

ஈப்போவுக்கு வெளியே, மலையடியில், இன்றைக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நிற்கிற அந்த இடம் நான் பிறந்த ரப்பர் தோட்டம். எல்லோரும் படம் எடுக்கிற ஏரி தானாக வந்ததில்லை. தோட்டத்து ஜனங்கள் காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு, மத்தியானத்தில் மண் சுமந்து, மலையாற்றை மறித்துக் கட்டியது. ஒவ்வொரு மழைக்கும் கரை உடைந்ததாம். கடைசியில் உங்கள் தாத்தாவும் பக்கத்து வீட்டுக் கூட்டாளியும் ஆற்றிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து, முனியாண்டி என்று கரைமேல் நட்டு, சுருட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி மண் போட்டார்கள். கரை நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கல்லை யாரும் செருப்போடு தாண்டியதில்லை.

அந்தக் கூட்டாளியின் மகன்தான் உங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்த மாமா. தோட்டம் விற்கப்பட்டதும் நாங்கள் ஈப்போ டவுனில் புந்தோங்குக்கு வந்தோம். அவன் அங்கேயே தங்கி, பிறகு விடுதியில் வழிகாட்டியானான். அவனே போன் போட்டான்.

"மச்சான், பிள்ளைங்கள கூட்டிட்டு வா லா. நம்ம அப்பாங்க கதைய நான் எப்படிச் சொல்றேன்னு வந்து பாரு."

அதை நம்பித்தான், தாத்தா கதையைக் கேட்கப் போகிறோம் என்று உங்களை அழைத்துப் போனேன்.

கரைக்கு வந்ததும் நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அவன் சப்பாத்துக் காலோடு கல்லின் பக்கத்தில் போய் நின்றான். சுற்றுலா வந்தவர்களிடம், இந்த ஏரியை உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரை, ஆசையாக வளர்த்த நாய் இதில் மூழ்கிச் செத்ததும் அதன் நினைவாக வைத்த கல் இது என்றான். எல்லோரும் "அச்சச்சோ" என்றார்கள். சின்னவளே, நீ போய்க் கல்லைத் தடவி, "பாவம்பா நாய்" என்றாய்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவனைப் பிடித்தேன்.

"உங்கப்பா வச்ச சாமிடா அது."

"சாமி, சுருட்டுன்னா இவங்களுக்கு என்னா புரியும்? நாய்னா உடனே போட்டோ எடுக்கிறாங்க. முதலாளிக்கும் இந்தக் கதைதான் பிடிச்சிருக்கு."

"என் பிள்ளைங்ககிட்டயாவது உண்மையச் சொல்லு."

அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். அது தாத்தா வைத்த கல், மாமாவிடமே கேளுங்கள் என்றேன். பெரியவன் கேட்டான். விடுதி மேலாளர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சிரித்துக்கொண்டே பெரியவன் தலையைக் கோதினான்.

"உங்கப்பா சின்ன வயசிலேயே நல்லா கதை விடுவாரு லா தம்பி."

நீங்களும் சிரித்தீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. காரில் பெரியவன், "மாமா யூனிஃபார்ம் போட்டிருக்காரேப்பா, அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டான்.

தீபாவளிக்கு அவன் வழக்கம்போல் குடும்பத்தோடு வந்தான். வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, சாமி படத்தைக் கும்பிட்டான். வந்தவனைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாக வந்து ஒரு வார்த்தை பேசுவான் என்று நினைத்து அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டு நின்றேன். அவன் வரவில்லை. கூடத்தில் சின்னவள் அவனிடம், அந்த நாய்க்கு என்ன பேர் என்று கேட்டாள்.

அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. ஒரு பேரும் சொன்னான்.