கால் முளைக்கும் பனியன்

பெருமாநல்லூர் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில், வாடிக்கையாளரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் சேர்ந்த புதிது. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சிறுவர் பனியன் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் பல்லி போல ஒரு பிராணி, நான்கு விதப் பிரிண்டில். எனக்கு முன்பிருந்தவர் எடுத்த ஆர்டர் அது.

தைத்து வந்ததில் குறை பார்க்கும் செக்கிங் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். திருநெல்வேலிக்காரர், கண் படு கூர்மை. மேஜை முழுக்க, குறை உள்ள இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

“பாருங்க மேடம், இதுல ஒரு காலயே காணோம். இதுல காலுக்குப் பதிலா மொட்டு மாதிரி நிக்கி. இது துடுப்பு கணக்கா இருக்கு. இதுல காலு இருக்கு, ஆனா நாலு வெரலுதான். பின்னங்கால்ல அஞ்சு இருக்குல்லா?”

பின்னாலேயே முதலாளி வந்துவிட்டார். “ஏங்கண்ணு, பிரிண்டிங் ஸ்கிரீன்ல காலை உட்டுட்டாங்களா? அத்தனையும் போச்சா?”

நான்கு பிரிண்டையும் படமெடுத்து வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினேன். மதியம் சிரித்துக்கொண்டே பதில் வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம்! செக்கிங் மேஜைகளுக்கு நடுவே நின்று படித்துச் சொன்னேன்.

“இது பல்லி இல்லீங்க. சாலமாண்டர், தவளைக்குச் சொந்தம். கால் துண்டானா இதுக்கு மறுபடி மொளைக்கும், நாலு பிரிண்டும் அது மொளைக்கிற நாலு கட்டம். மொதல்ல தோல் செல்லு வந்து காயத்தை மூடிக்கும்...”

“செல்லா?” என்று ஒரு பெண் தன் போனைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பு அடங்க நேரமானது.

உடம்பே கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது என்று விளக்கிவிட்டுத் தொடர்ந்தேன். “தோலுக்கு அடியில சதை, எலும்புன்னு வேலை பார்த்த செல்லெல்லாம் பழைய வேலையை விட்டுட்டு, எளசா மாறி, மொட்டாக் கூடிக்கும். நம்ம டெய்லருங்க மறுபடி ஹெல்பரா மாறுற மாதிரி. அந்த மொட்டு பெருகித் துடுப்பாகும், அப்புறம் வெரல் பிரியும். முன்னங்காலுக்கு நாலு வெரல்தான் கணக்கு.”

“எந்த டெய்லர் மேடம் ஹெல்பராவான்?” என்றார் அக்கா. மறுபடி சிரிப்பு. பிறகு குரல் தாழ்ந்தது. “எலும்போடயா மொளைக்கும்?”

“எலும்போடதான்.”

“ஆத்தீ! பல்லிக்கு வாலுதான மொளைக்கும்!”

முதலாளி நாற்காலியில் சாய்ந்து டீ சொல்லச் சொன்னார், எல்லோருக்கும்.

ஆர்டர் போன பிறகு மிஞ்சிய பனியன்களை எங்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா தன் மகளுக்கு மொட்டுப் பிரிண்டைத் தேடி எடுத்தார். முழுக்கால் போட்டதும் மிச்சம் இருக்கிறதே என்றேன்.

“இதப் போட்டாத்தான் மேடம் கூட வெளயாடுற பிள்ளையெல்லாம் என்னதுன்னு கேக்கும். அவ சொல்லுவால்லா.”