பூ வைக்க மனம் வராத இடம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, இராஜபாளையத்தில் எங்கள் மில்லின் சங்கு ஊதி, நான் ஆபீஸ் படியில் கால் வைத்த நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "சார், அச்சாபீஸ் ஞானமுத்து அண்ணாச்சி போயிட்டாவ. வ. புதுப்பட்டியில சாயங்காலம் அடக்கம்" என்றார். லீவு எழுதிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இந்த இதழை மாதா மாதம் வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. பதினைந்து வருஷமாக இதன் ஒவ்வொரு எழுத்தையும் ஈயப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோத்தவர் அவர். கம்பாசிட்டர் பெயரை யார் போடுகிறார்கள்? என் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அதையும் கோத்தவர் அவரேதான்.

பேச்சி என்ற மில் தொழிலாளி மனைவியின் கதையை நான் இந்த இதழில் தொடராக எழுதிக்கொண்டிருந்த ஜெர்மன் சண்டைக் காலம் அது. எழுத உட்காருவதென்றால் அப்போது நான் பண்ணிய அழும்பு கொஞ்சநஞ்சமல்ல! குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, ஊதுபத்தி கொளுத்தி, புது நிப்பு மாட்ட வேண்டும். வீட்டில் பாத்திரம் உருளக் கூடாது. இவ்வளவும் செய்துவிட்டு, "மனசு கூடி வரவில்லை" என்று எழுந்து விடுவேன். இரண்டு மாதம் தொடர் வரவில்லை. மூன்றாம் மாதமும் வராவிட்டால் கதையை அடியோடு நிறுத்திவிடுவதாக ஆசிரியர் சொல்லியனுப்பினார். கதை நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். மில் கணக்கப்பிள்ளைகளில் ஒருவனாக இருந்து தொலைக்க வேண்டியதுதான். ஒரு சனிக்கிழமை வெறுங்கையோடு ரயிலேறி, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சாபீஸுக்குப் போனேன்.

ஆசிரியர் இல்லை. ஞானமுத்து அண்ணாச்சி எழுத்துப் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். "வாங்க கதைக்காரரே, வெறுங்கையா வாரீய?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுத்துகளை வரி வரியாக அடுக்கும் இரும்புத் தட்டை, அந்த ஸ்டிக்கை, துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"காகிதம் எதுக்கு? வாயால சொல்லுங்க. நான் கோத்துக்கிடுதேன்."

"அப்படியெல்லாம் வராது அண்ணாச்சி. அதற்கு ஒரு மனநிலை வேண்டும்."

"அது வரும்போது வரட்டும். நீங்க சொல்லுங்க."

'காரிருள் சூழ்ந்த வாழ்வெனும் கடலில்' என்று ஆரம்பித்தேன். ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார். "கடலு பொறவு வரட்டும். அந்தப் பொம்பள இப்ப எங்க நிக்கா?"

"மில் வாசலில்."

"கையில என்ன வச்சிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். "கஞ்சிக் கலயம். புருஷனுக்கு."

"ஆங், அதச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் கை பெட்டிக்கும் ஸ்டிக்குக்குமாகப் போய் வந்தது. ஒரு வாக்கியம் கோத்து முடிய அவருக்குச் செத்த நேரம் ஆகும். அந்த நேரத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. பேச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும். அவர் நிமிரும்போது அடுத்த வாக்கியம் என் வாயில் இருந்தது. கோத்ததைக் கலைப்பது அவருக்கு எம்புட்டு வேலை என்று தெரிந்ததால் வீண் வார்த்தை சொல்லக் கூச்சமாக இருந்தது. புருஷன் அன்று காலையிலேயே பட்டாளத்தில் சேர்ந்து ரயிலேறிவிட்டான் என்று வாசல்காரன் பேச்சியிடம் சொல்லும் இடத்துக்கு வந்தபோது என் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. 'விதி அவளைப் பார்த்துச் சிரித்தது' என்று முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

இதழ் வந்தது. விதி சிரித்த பிறகு, நான் சொல்லாத இரண்டு வரிகள் இருந்தன:

'கஞ்சி இன்னும் சூடாக இருந்தது.
அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.'

எனக்கு வந்ததே கோபம்! நேரே போய், என் கதையில் கை வைக்க நீங்கள் யார் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவர் ஈயக் கறுப்புப் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பக்கம் ரெண்டு வரி கொறஞ்சுது சார். வழக்கமா காலி எடத்தப் பூப்போட்ட அச்ச வச்சு அடைப்போம். அந்தப் பிள்ள அப்பிடி நிக்கும்போது கீழ பூ வைக்க எனக்கு மனசு வரல. தப்புதான்" என்றார். அன்று மட்டும்தான் என்னைச் சார் என்றார். அடுத்த வாரம் உங்கள் கடிதங்கள் வந்தன. எல்லாரும் அந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான் எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சொல்ல, அவர் கோக்க, கதை முடிந்தது. புத்தகமாக வந்தபோது விதியை எடுத்துவிட்டு, கஞ்சியை வைத்துக்கொண்டேன். அதையும் அவர்தான் கோத்தார், ஒரு சொல் கேட்காமல். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சொல்ல, அவர் கோக்க, கதை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை வேதக் கோயிலில் ஜெபம் முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பினோம். அவர் மனைவி செல்லத்தாய் அக்கா என்னைக் கூப்பிட்டார். "எனக்கு வாசிக்கத் தெரியாது சார். உங்க கதைய அவிய வாசிச்சுக் காட்டுவாவ. அந்தக் கஞ்சி எடம் வந்தா, 'ஏட்டி, கதைக்காரரு எம்புட்டு அழகா எழுதியிருக்காரு பாத்தியா'ன்னு ரெண்டு தரம் வாசிப்பாவ" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அவிய தம்பி, எங்க கொழுந்தன், சொல்லாம பட்டாளத்துக்குப் போன அன்னிக்கு வயலுக்குக் கஞ்சி கொண்டு போனது நாந்தான். ஆளக் காணோம். கலயம் மட்டும் கையச் சுட்டுது. அதுக்குத்தான் அழுதேன். பொறவு அவன் வரவே இல்ல. அது உங்களுக்கு எப்பிடி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

பாவி நான், அப்போதும் வாய் திறக்கவில்லை.

இப்போது எனக்கு ஊதுபத்தி வேண்டாம், புது நிப்பும் வேண்டாம். ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வேன். அவர் அதைக் கோத்து முடிக்கும் நேரம் காத்திருப்பேன். அடுத்தது வந்துவிடும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் செத்த நேரத்தை மட்டும்தான். அந்த இரண்டு வரிகள் ஞானமுத்து அண்ணாச்சி எழுதியவை. ஞாயிற்றுக்கிழமை இந்த இதழோடு வ. புதுப்பட்டிக்குப் போகிறேன். செல்லத்தாய் அக்காவுக்கு இதை நானே வாசித்துக் காட்ட வேண்டும். அந்த இடத்தை இரண்டு தரம்.