ஆலாத்தித் தட்டைத் தொடக்கூடாதவள்

ஆதிமனிதரைக் கணினியில் குடியமர்த்துவது என் தொழில். ரொறொன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடம். திரையில் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். ஒருவன் இன்னொருவனை அடித்தால், கண்டவன் அடுத்தவனுக்குச் சொல்வான். எல்லோருக்கும் தெரிந்ததும் அடித்தவனோடு யாரும் வேட்டைக்குப் போகமாட்டார்கள். அவன் அடங்குவான், கூட்டம் ஒழுங்குக்கு வரும். பொலிஸும் தேவையில்லை, கோர்ட்டும் தேவையில்லை. அந்த நிரலை எழுதின எனக்கே இப்போது அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தங்கையை அவள் புருஷன் அடித்தது அவர்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட் மாடிக்கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்டில் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "சுகமா இருக்கிறியா பிள்ளை?" என்று கேட்ட அன்ரிமாருக்குத் தெரியும். அவள் அவனை விட்டுப் பிக்கரிங்கில் ஒரு பேஸ்மென்ற்றுக்குப் போனதும் தெரியும். செய்தி என் புள்ளிகளைவிட வேகமாகப் பரவியது. ஆனால் எல்லோரும் தள்ளிவைத்தது அவளைத்தான்.

போன கோடையில் என் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. வாழைப்பழத் துண்டில் திரி கொளுத்தி ஆலாத்தி எடுக்க, புருஷனோடு வாழ்கிற பெண்களைத்தான் சோடி சோடியாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். வழக்கம் நாசமாய்ப் போக, முதல் தட்டு என் தங்கைக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் அவள். எந்தச் சேலை உடுக்கிறது என்று எனக்குப் படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தாள், அவ்வளவு சந்தோசம்.

அவள் தட்டைப் பிடித்ததும் சோடிக்கு நிற்கவேண்டிய அன்ரி அசையவில்லை. பக்கத்தில் நின்றவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொண்டு வரவில்லை. வாசலில் அவள் புருஷன் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றான். என் கணவருக்கு ஒன்றுவிட்ட தம்பி, அழைப்புச் சொல்லாமல் விட ஏலாதாம். அவனோடு எல்லோரும் சிரித்துக் கதைத்தார்கள். தூ!

"ஆராவது ஒராள் வந்து பிடியுங்கோவன்!" என்று கத்தினேன்.

"உது பிள்ளைக்குக் கூடாது, தங்கச்சி," என்றார் அந்த அன்ரி என்னைப் பார்த்து. அன்பாகத்தான் சொன்னார்.

சோடித்த மணவறை மேடையில் நின்ற என் மகள், "வை நொட்? சித்தி, நீங்க செய்யுங்கோ," என்றாள்.

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். "எனக்குக் கை நோகுது, செல்லம். அந்த அன்ரிமார் எடுக்கட்டும்," என்று சிரித்தாள்.

உடனே இரண்டு பேர் வந்து தட்டைத் தூக்கினார்கள். மகள் சித்தியைப் பார்த்தாள், வாசலில் நின்றவனைப் பார்த்தாள், மண்டபத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தை நேரே வைத்துக்கொண்டு ஆலாத்திக்கு நின்றாள். யாரைத் தள்ளிவைப்பார்கள் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.