ஓராண்டு நல்ல தண்ணீர்

அந்த இயந்திரத்தை ஓராண்டில் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அது ஊரிலேயே இருக்கும் என்று ஓர் ஊரையே நம்பவைத்தேன்.

இதுதான் நான் செய்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று தள்ளிவைத்தால், என் வழக்கப்படி சொல்லாமலே போய்விடுவேன்...

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பிப்பவள். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரி. என் வாப்பா வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "அங்கன கடலையே குடிக்கிறோம்மா. இங்கன கடலைப் பாத்துக்கிட்டே தண்ணிய விலைக்கு வாங்குறோம்" என்று சிரிப்பார்.

நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்தச் சிரிப்பே காரணம். ஆகவே, தாகம் என்றால் என்னவென்று அறியாத ஒருத்தி செய்த பிழை என்று எண்ணிவிடாதீர்கள். அறிந்தவளாகத்தான் செய்தேன்!

ஒரு நிறுவனம் எங்கள் துறையைத் தேடி வந்தது. உவர்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க அவர்கள் புதிதாக ஒரு சவ்வு செய்திருந்தார்கள். ஆய்வகத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. உண்மையான ஓர் ஊரில், உண்மையான கிணற்று நீரில், மக்கள் நாள்தோறும் பிடித்துக் குடிக்கும்போது அது எப்படித் தாங்குகிறது என்று ஓராண்டு பார்க்க வேண்டும். பணம் அவர்களுடையது. ஆய்வு எங்களுடையது.

இப்படிப்பட்ட கூட்டுத் திட்டம் கிடைக்காதா என்று எத்தனை காலம் ஏங்கியிருந்தேன் தெரியுமா? என்னிடம் ஆய்வு மாணவியாக இருந்த கௌசல்யாவுக்கு உதவித்தொகை நின்றுபோயிருந்தது. அவள் படிப்பை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பதவி உயர்வும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் இந்தத் திட்டம் ஒருசேரத் தீர்த்துவைக்கும்.

நிறுவனத்தின் சார்பில் வந்தவர் ஆனந்த் என்ற மேலாளர். நல்ல மனிதர். இதில் வில்லன் வேண்டுமென்றால் அவரைத் தேடாதீர்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். "ஒரு வருசம் முடிஞ்சதும் யூனிட்டை எடுத்துக்குவோம் மேடம். பிரிச்சுப் பார்த்தாத்தான் சவ்வு எங்க தேஞ்சிருக்குன்னு தெரியும்."

"அப்புறம் அந்த ஊருக்கு?" என்று கேட்டேன்.

"அரசாங்கத் திட்டம் ஏதாவது வரும் மேடம்."

நான் தலையாட்டினேன். ஒரே ஒரு கேள்வி... அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திட்டம் கைநழுவிவிடுமோ என்ற பயம்.

எங்கள் மாவட்டத்தில் சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பெயரைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கருவேலங்காட்டைத் தாண்டிப் போவார்கள். அங்கே மணலைத் தோண்டி, ஊற்றில் சுரப்பதைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி நிரப்புவார்கள். மற்றபடி, வாரத்தில் சில நாள் சேது என்பவர் வேனில் கொண்டுவந்து விற்கும் தண்ணீர். அவ்வளவுதான்.

கோயில் முன்பு ஊரைக் கூட்டினார்கள். எங்கள் வரைபடங்களை எல்லாரும் பொறுமையாகப் பார்த்தார்கள். முடிவில் வயதான ஒருவர் எழுந்து நேராக என்னிடம் கேட்டார்.

"எல்லாஞ் சரித்தான். இது எத்தன நாளைக்கு இங்கன நிக்கும்? அதச் சொல்லுங்க."

எவ்வளவு தெளிவான கேள்வி! ஓராண்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், 'வேனை நிறுத்த வேண்டாம், ஊற்றைத் தூர்ந்துபோக விட வேண்டாம்' என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள். அல்லது, வேண்டாம் என்று எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். எதுவானாலும் அது அவர்கள் முடிவாக இருந்திருக்கும்.

நான் சொன்னது இது: "நல்லா ஓடுச்சுன்னா இங்கனயே இருக்கும் அய்யா."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரும் முழுதாக நம்பவில்லை. அப்போதுதான் பஞ்சவர்ணம் அக்கா எழுந்தார்.

ஊர் முகப்பில் சின்னதாக ஒரு டீக்கடை வைத்திருந்தவர் அவர். கணவர் இல்லை. மகளை இராமேஸ்வரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். குரல் கணீரென்று இருக்கும்.

"டீச்சர் நம்ம சீமைக்காரவுக. படிச்சவுக. நம்மள ஏமாத்தி அவுகளுக்கு என்ன ஆகப்போகுது? என் கடைக்குப் பக்கத்துல எடம் சும்மாதான கெடக்கு, அங்கன வைக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

கூட்டம் அடங்கியது. என் பொய்க்கு அந்த அம்மாள் பிணை நின்றார்... நானோ நன்றியோடு அவரைப் பார்த்துப் புன்னகைத்தேன்! அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றும் என் முகத்தை நானே மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

இயந்திரம் ஓடியது. எவ்வளவு நன்றாக ஓடியது என்கிறீர்கள்! முதல் நாள் அக்கா அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தார். குடித்தவர்கள் டீத்தூளை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார்கள். பெண்கள் தள்ளுவண்டிகளை வீட்டுப் பின்புறம் சாய்த்துவைத்தார்கள். ஊற்றுக்கு யாரும் போகவில்லை. அள்ளாத ஊற்று தானே தூர்ந்துபோயிற்று.

வேன்காரர் சேது ஒருநாள் அக்காவிடம் வந்து கேட்டாராம். "நான் வேற லைன் பாத்துக்கிறவா? இங்கன யாரும் வாங்க மாட்டேங்குறாக." "பாத்துக்கப்பா, இனிமே எங்களுக்கு வேணாம்" என்று அக்காவே சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் வண்டியை இராமேஸ்வரத்து லாட்ஜுகளுக்குத் தண்ணீர் ஓட்டத் திருப்பிக்கொண்டார். இதை அக்கா எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். என் கையில் அவர் போட்ட டீ இருந்தது.

அப்போதாவது சொன்னேனா? 'அக்கா, வேனை நிறுத்தாதீங்க' என்று ஒரு வார்த்தை... இல்லை. அந்த ஆண்டு முழுவதும் மாதந்தோறும் அந்த ஊருக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லலாம் என்று திரும்பி வந்தேன். நிறுவனம் மனம் மாறலாம், அரசு ஏதாவது செய்யலாம் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனால் நிறுவனத்திடம் நான் ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்தேனா? அதுவும் இல்லை.

ஆண்டு முடிந்தது. இயந்திரத்தைக் கழற்றி ஏற்றிவர லாரி போயிற்று.

நான் போகவில்லை! துறையில் கூட்டம் என்று சொல்லிக் கௌசல்யாவை அனுப்பினேன். இருபது சொச்சம் வயதுப் பெண்ணை, என் பொய்யின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவள் மாலையில் திரும்பி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.  பிறகு சொன்னாள். "பொம்பளைக எல்லாரும் லாரிக்கு முன்னாடி உக்காந்துட்டாங்க மேடம். பஞ்சவர்ணம் அக்காதான் எந்திரிக்க வச்சாங்க. டீச்சருக்குத் தெரிஞ்சா விடமாட்டாக, அவுககிட்டப் பேசிக்கிருவோம், இந்தப் பிள்ளைய எதுக்கு அழவைக்கிறீகன்னு சொன்னாங்க."

என்னை நேராகப் பார்த்து, "உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே மேடம்?" என்று கேட்டாள்.

நான் மேசைமேலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

அன்று அக்காவிடமிருந்து பல அழைப்புகள் வந்தன. எடுக்கவில்லை. மறுநாள் நானே அழைத்தேன். அழைத்து என்ன சொன்னேன் தெரியுமா? "கம்பெனி முடிவு அக்கா. எனக்கே கடைசியாத்தான் சொன்னாங்க."

முதல் பொய்யை அரைப்பொய் என்று வாதிடலாம். இது முழுப்பொய். இதற்கு எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. அந்த ஒருத்தி முன்னால் நல்லவளாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர...

ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. கௌசல்யா முனைவர் ஆனாள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஊரில், சேது திரும்ப வரவில்லை. லாட்ஜுக்காரர்கள் ஒழுங்காகக் காசு கொடுக்கும்போது அவர் ஏன் வருவார்? பெண்கள் மறுபடி கருவேலங்காட்டுக்குப் போய்ப் புதிதாக மணலைத் தோண்டினார்கள். கோபத்தை எங்கே கொட்டுவது? நான் தொலைவில் இருந்தேன். அக்கா பக்கத்தில் இருந்தார். 'உன் பேச்சக் கேட்டுத்தான வேனை விட்டோம்' என்று அவர் கடைக்கு வருவதை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். கடையை மூடிவிட்டு மகளிடம் போய்விட்டார் என்று யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

பிறகு ஒருமுறை இராமேஸ்வரத்தில், பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் கூடும் கருத்தரங்கம் ஒன்றிற்குப் போயிருந்தேன். தங்கியிருந்த லாட்ஜில் காலையில் அறைக்கதவைத் திறக்கிறேன்... துவைத்த விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் வருகிறார் பஞ்சவர்ணம் அக்கா.

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்!

அவரோ விரிப்புகளைக் கீழே போட்டுவிட்டு என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "டீச்சர்! எப்படி இருக்கீக? எளச்சுப் போயிட்டீகளே!"

அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் என்னைக் கடிந்துகொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்... அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"ஊர்ல இன்னமும் ஒங்களப் பேசுவாக டீச்சர். நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அவுகளையும் சேத்துத்தான கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான், அவுக என்ன செய்வாகன்னு கேப்பேன். மனசுல வச்சுக்கிறாதீக."

இதோ பாருங்கள், அங்கே வேறு யாரும் இல்லை. தொலைபேசி ஒலிக்கவில்லை. கதவை யாரும் தட்டவில்லை. கருத்தரங்கம் தொடங்க நிறைய நேரம் இருந்தது. 'இல்லை அக்கா, எனக்குத் தெரியும்' என்று சொல்ல எந்தத் தடையும் இருக்கவில்லை. தொண்டைவரை வந்தது. நான் அவர் கையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அதை அவர் என் துயரம் என்று எடுத்துக்கொண்டார்.

எழுந்து போகும்போது சொன்னார். "அடுத்தாப்புல மிசின் ஏதும் வந்தா நம்ம ஊருக்கே கொண்டாந்துருங்க டீச்சர். நான் வந்து பேசுறேன். என் பேச்சக் கேப்பாக."

இத்தோடு முடிந்திருந்தால், பழைய குற்றம் ஒன்றைச் சொல்லி மனம் ஆறினேன் என்று நானும் எழுந்து போயிருப்பேன். முடியவில்லை.

சென்ற ஆண்டு இன்னொரு நிறுவனத்தோடு புதிய திட்டம் வந்தது. இம்முறை நான் வாய் மூடியிருக்கவில்லை. ஆய்வு முடிந்தாலும் இயந்திரம் ஊருக்கே சொந்தமாக வேண்டும், பழுதுபார்க்க ஊர்ப்பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும், இல்லையேல் நான் வரவில்லை என்று பிடிவாதமாக நின்றேன். ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டார்கள்! முன்பே கேட்டிருந்தால் ஆனந்தும் ஒப்புக்கொண்டிருப்பாரோ... 

"எந்த ஊர்ல வைக்கலாம் மேடம்?" என்று கேட்டார்கள்.

கேட்க வேண்டுமா? அந்த ஊரின் நீர் எனக்கு மனப்பாடம். இயந்திரத்துக்காக அக்கா கடையருகே போட்ட சிமெண்ட் மேடை அப்படியே இருக்கிறது. கடன் தீர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வருமா?

ஆனால் அங்கே போனால் மறுபடி கோயில் முன்பு கூடுவார்கள். அதே பெரியவர் எழுந்து, 'போன தடவையும் இப்படித்தான சொன்னீக' என்பார். அக்கா என் பக்கத்தில் நின்று எனக்காக ஊரோடு சண்டை போடுவார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும்...

அங்கே சாலை சரியில்லை என்று சொல்லி, வேறோர் ஊரைக் காட்டினேன்.

இயந்திரம் இப்போது அந்த வேறோர் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்குள்ள பெண்கள் என்னை வாழ்த்துகிறார்கள்.

போன மாதம் அக்கா அழைத்தார். எடுத்தேன்.

"டீச்சர், மிசின் வந்துருக்காமே? அங்கிட்டு ஒரு ஊர்லன்னு சொன்னாக."

"ஆமா அக்கா. கம்பெனிதான் ஊரைப் பாத்து முடிவு பண்ணுச்சு."

அந்த ஊராரிடம் நான் சொன்ன மூன்றாவது பொய். எவ்வளவு சரளமாக வந்தது, பார்த்தீர்களா!

 லாட்ஜில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்.

"சரி டீச்சர். அவுகளும் தண்ணியில்லாமத்தான கெடந்தாக. குடிக்கட்டும்."

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உங்களிடம் இவ்வளவும் சொல்லிவிட்டேன். நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, அதனால்தான் முடிந்தது. அவர் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. இன்று காலையும் எடுத்துப் பார்த்தேன்... அழைக்கவில்லை.