கடைசிப் பக்கத்தை அவளே வாசித்தாள்

2008இல் கடலூரில் ஒரு பள்ளியில் தற்காலிகத் தமிழ் ஆசிரியையாக இருந்தேன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வரும். அதனால் நானே அவர்களுக்கென்று ஒரு மர்மக் கதை எழுதத் தொடங்கினேன். சின்னச் சின்ன வாக்கியங்கள், பெரிய எழுத்து. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். திக்கென்று ஓர் இடத்தில் நிறுத்திவிடுவேன்.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. "அடுத்து என்னா மிஸ், சொல்லிடுங்க மிஸ்" என்று மாடிப்படி வரை துரத்தினார்கள். வீட்டிலும் வாசித்துக் காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கதை இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் அப்பா வாராவாரம் மகனுக்குப் போன் செய்கிறார். ஆனால் அங்கே அப்படி ஒருவரே இல்லையென்று ஒரு நாள் தெரியவருகிறது. அப்படியானால் பேசுவது யார், எங்கிருந்து? இதை எப்படி முடிப்பதென்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் வகுப்பில் வாய் திறந்து வாசிக்காத பெண். சில மாதங்களுக்கு முன், சாப்பாட்டு நேரத்தில், அழுதுகொண்டே என்னிடம் சொல்லியிருந்தாள். "அப்பா மஸ்கட்டுல இருக்கறதா அம்மா நெனைச்சிட்டிருக்கு மிஸ். போன்ல பேசறப்ப பின்னாடி சக்கர ஆலைச் சங்கு கேட்டுச்சு. அத்தையோட நெல்லிக்குப்பம் போனப்ப அதே சங்கு ஊதுச்சு, அங்கதான் அப்பாவப் பாத்தேன். வேற ஒரு குழந்தைய சைக்கிள்ல வச்சித் தள்ளிட்டுப் போறாரு. யார்ட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்."

சொல்லவில்லை, எழுதினேன். மகளை மகனாக்கியாயிற்று, ஊரை மாற்றியாயிற்று, அது போதுமென்று நினைத்தேன். சங்கை மட்டும் விட மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல தடயம் எனக்குத் தோன்றியிருக்காது.

கடைசிப் பக்கம் கொடுத்த அன்று அவள் கை தூக்கினாள். "நான் படிக்கிறேன் மிஸ்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். "போனில்... பின்னால்... ஆ... லைச்... சங்கு..." குரல் இறங்கியது. நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அவள் கடைசி வரி வரை வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மணி அடித்ததும் என்னிடம் வந்தாள்.

"நான் சொன்னதுதான மிஸ் இது?"

"இல்லம்மா, சும்மா கற்பனை. ஆலை எத்தனையோ ஊர்ல இருக்கு."

என் முகத்தையே பார்த்தாள். "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு நம்ம கிளாசுதான் மிஸ். வாராவாரம் எங்கம்மாவுக்குக் கதை படிச்சிக் காட்டுறா."

தாள்களைத் திரும்ப வாங்க வாசலுக்கு ஓடினேன். ஆறோ ஏழோதான் கிடைத்தன. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் முதல் ஆளாகப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை, கடைசிப் பக்கத்தை வாசித்தவள் வரவில்லை. புதன்கிழமை அவளுடைய அம்மா வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் உட்காரக்கூட இல்லை.

"அந்தக் கதையில, விசயம் தெரிஞ்ச பெறவு பையனோட அம்மா என்னா பண்ணுவா டீச்சர்?"

"அதை நான் எழுதலைங்க" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு, மகளுக்கு உடம்பு சரியில்லையென்று விடுப்புக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். பத்தாம் வகுப்பும் தேறினாள். அதற்குள் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள் என்று தலைமையாசிரியர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டுமே.

2011இல் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தேன். யாருக்கோ புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னை அவள் பார்ப்பதற்குள், எடுத்த துணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.