ராஜியும் ராஜினாமாவும்

காலை ஏழே கால். அருப்புக்கோட்டையில் கோர்ட்டுக்குப் போகும் தெருவில், ஒரு வக்கீல் முக்காலி மேல் ஏறித் தன் வீட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையைத் தானே கழற்றிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபர். என்னவென்று கேட்டேன். "தொழில விட்டுட்டேன். மெட்ராசுக்கு எழுதிப் போட்டாச்சு" என்றார்.

அவர் மீது மெட்ராசில் வக்கீல்களுக்கான ஒழுங்கு விசாரணைக் குழு முன் ஒரு புகார் இருந்தது. கொடுத்தவர் பரளச்சிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் ஓர் அம்மா; கணவர் இல்லை. கூட்டுக் கிணற்றில் தன் தண்ணீர் முறையைக் கேட்டு, இந்த வக்கீலை வைத்துத்தான் கொழுந்தன் மீது வழக்குப் போட்டிருந்தார். வக்காலத்து வாங்கும்போது இரண்டு வெற்றுத்தாளிலும் கையெழுத்து வாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்காரர் பஸ் ஏறி வர வேண்டாமே என்பார்கள். அதில் ஒரு தாள் ராஜி மனு ஆகிவிட்டது. இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன, தண்ணீர் முறையை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. வழக்கு முடிந்துபோனது. சம்மதித்துவிட்டு இப்போது புளுகுகிறார் என்றது ஊர். ராஜியை ரத்துச் செய்யக் கேட்டு அந்த அம்மா போட்ட மனு, மெட்ராஸ் விசாரணையின் முடிவை நம்பி இங்கே கோர்ட்டில் கிடந்தது.

'வக்கீல் ராஜினாமா' என்று நாலு வரி அனுப்பினேன். செய்தி வந்த அன்றே அந்த அம்மா பஸ் ஏறி வந்து, கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"ஏந்தம்பி, மறுபடியும் ராஜின்னு போட்டிருக்கீகளாமே, ஊருல வாசிச்சாக. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ரெண்டாவது ராஜியா? இந்தத் தடவ யாருகூட?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த, வேறொரு வக்கீலின் குமாஸ்தா சிரித்துவிட்டார். "யக்கா, அது ராஜி இல்ல, ராஜினாமா. தொழில விட்டு அவரா விலகிக்கிறது."

"அப்ப என் புகாரு?"

"வக்கீலே இல்லன்னு ஆன ஆள என்னத்த விசாரிக்க? கருப்புக் கோட்டக் கழட்டி வச்சிட்டாரு. இதுக்கு மேல என்ன தண்டன வேணுங்கிறீக?"

"அந்தக் கோட்ட வாங்கிச் சோளக்கொல்லைப் பொம்மைக்கா மாட்டப்போறேன்? நான் ராஜிக்கு ஒத்துக்கிடலன்னு அவுக வாயால சொல்லணும். சொல்லிட்டு எங்க வேணா போகட்டும்."

குமாஸ்தா சொன்னதைத்தான் அன்று கோர்ட்டு வளாகத்தில் பலரும் சொன்னார்கள். நீண்ட காலத் தொழில், மானத்தோடு போகட்டுமே என்றார்கள். அந்த இரக்கம் பொய்யில்லை. ஆனால் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. தண்டனை வக்கீலுக்கும் அவர் தொழிலுக்கும் இடையிலான விஷயம். நடந்தது என்ன என்பது கட்சிக்காரருக்குச் சேர வேண்டியது; அதைத் தராமல் போக வக்கீலுக்கு உரிமை கிடையாது. விலக நினைப்பவர் விசாரணை முடிந்தபின் விலகட்டும். அதற்கு முன் விலகவிட்டால், அந்த அம்மா தவறாகக் காதில் வாங்கியதுதான் சரி: கேட்காமல் போட்ட இன்னொரு ராஜி.

ராஜினாமாவை ஏற்கக் கூடாது என்று குழுவுக்கு ஓர் ஆட்சேபணை மனுவைக் குமாஸ்தாவே முணுமுணுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

"மொதல்ல வாசி" என்றார் அந்த அம்மா.

"எம்மேலயும் சந்தேகமா யக்கா?"

"உம்மேல இல்லப்பா. தாளு மேல."

குழு ராஜினாமாவை ஏற்காமல் நிறுத்திவைத்தது. விசாரணையில், ராஜி தாக்கலான அன்று தன் கட்சிக்காரர் கோர்ட்டுக்கு வரவில்லை என்றும், அவரைக் கேட்கவில்லை என்றும் வக்கீல் ஒப்புக்கொண்டார். அவர் பெயர் வக்கீல் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. அந்த உத்தரவின் நகலைப் பார்த்து எங்கள் கோர்ட்டு ராஜியை ரத்துச் செய்து, தண்ணீர் வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டது. கொழுந்தன் அப்பீலுக்குப் போகவில்லை.